கணினி எழும்போது வரும் ஏசிபிஐ, பவர் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் பட்டனை அழுத்தியதும் கறுப்புத் திரையில் நாலைந்து வரி வேகமாக ஓடுகிறது. "எரர்", "பக்", "ஃபெயில்ட்" என்ற சொற்கள் மட்டும் கண்ணில் தங்குகின்றன. அதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வந்து, "மதர்போர்டு போயிடுச்சா அண்ணே?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். அநேகமாகப் போயிருக்காது. ஒரு வரி எழுத்துக்குப் பயந்து நல்ல கணினியை எடைக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

திரையில் ஆங்கிலத்தில் வருவதையும், கட்டளைகளையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஏசிபிஐ, ஏசிபிஐ என்கிறார்களே, அது சாதனமா, மென்பொருளா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓர் உடன்படிக்கை. கணினியில் எத்தனை கோர் இருக்கிறது, எந்தச் சாதனத்துக்கு எந்த இன்டரப்ட் ("என்னைக் கவனி" என்று சாதனம் அடிக்கும் மணி), லேப்டாப் மூடியை மூடினால் தகவல் எங்கே வரும், பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று யாரிடம் கேட்பது, மின்சாரத்தை முழுதாக நிறுத்துவது எப்படி என்பதையெல்லாம் மதர்போர்டு செய்தவர்கள் பட்டியலாக எழுதி பயாஸுக்குள் (போர்டிலேயே பதித்திருக்கும், கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) வைத்துவிடுகிறார்கள். விண்டோஸோ லினக்ஸோ எழும்போது முதலில் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கும்.

இதற்கு முன்னால் 1992இல் வந்த ஏபிஎம் என்ற முறை இருந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய முடிவையெல்லாம் பயாஸே எடுத்தது. நீங்கள் என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பயாஸுக்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தூங்க வைத்துவிடும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ-யைக் கொண்டுவந்தபோது முடிவெடுக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு மாறியது. 2013 முதல் அந்த விதிமுறையை யூஇஎஃப்ஐ ஃபோரம் பராமரிக்கிறது.

பட்டியல்களில் பெரியதற்கு டிஎஸ்டிடி என்று பெயர். அதற்குத் துணையாக எஸ்எஸ்டிடி என்று சில இருக்கும். இவற்றில் எண்களோடு ஏஎம்எல் என்ற வடிவில் சின்னச் சின்ன நிரல்களும் உண்டு. "பேட்டரி நிலவரம் சொல்" என்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்டால், போர்டு செய்தவர் எழுதிய நிரலைக் கெர்னல்தான் தன் கையால் ஓட்டிப் பார்க்கிறது. அந்த நிரலில் தப்பு இருந்தால் ஓட்டுகிறவர் தடுக்கி விழுவார். நீங்கள் திரையில் பார்க்கும் பிழை அநேகமாக அந்தத் தடுக்கல்தான்.

"ஏசிபிஐ பயாஸ் எரர் (பக்): குட் நாட் ரிசால்வ் சிம்பல்" என்று வந்து, கடைசியில் "ஏஇ நாட் ஃபவுண்ட்" என்று முடிகிறது. என்ன அர்த்தம்?

நடுவில் சதுர அடைப்புக்குள் புள்ளி புள்ளியாகப் பிரித்த ஒரு பெயர் இருக்கும். அது முகவரி. ஊர், தெரு, வீட்டு எண் என்று எழுதுவது போல, வலப்பக்கம் போகப் போக கணினிக்குள்ளே போகிறது. "எஸ்பி, பிசிஐ0, சாட்0, எஸ்பிடி0, ஜிடிஎஃப்" என்று வந்தால், சிஸ்டம் பஸ்ஸில், முதல் பிசிஐ-யில், சாட்டா கட்டுப்பாட்டுச் சில்லின் முதல் போர்ட்டில் இருக்கும் ஜிடிஎஃப் என்ற நிரலில் சிக்கல் என்று பொருள். "நாட் ஃபவுண்ட்" என்றால், அந்த நிரல் ஒரு வீட்டைத் தேடிப் போயிருக்கிறது, அங்கே வீடு இல்லை.

வீடு ஏன் இல்லை? ஒரு கம்பெனி பத்து மாடல் செய்தால் பத்துக்கும் தனித்தனியாக பயாஸ் எழுத மாட்டார்கள். ஒன்றை எழுதி, வெட்டி ஒட்டுவார்கள். உங்கள் மாடலில் இல்லாத போர்ட்டைப் பற்றிய ஒரு வரி அழிக்கப்படாமல் தங்கிவிடும். "ஏஇ ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்" என்று வந்தால் கதை நேர்மாறு: ஒரே பெயரை இரண்டு பட்டியலில் எழுதிவிட்டார்கள்.

ஆகவே பிழைச் சொல்லைவிட முகவரிதான் முக்கியம். ஜிடிஎஃப் என்பது டிஸ்க்குக்கு ஆரம்பக் கட்டளைகளைத் தருவது. அது விழுந்தாலும் டிஸ்க் ஓடும். யூபிடிசி என்று வந்தால் டைப்-சி போர்ட் பற்றிய பேச்சு. சார்ஜ் ஏறுகிறதா, வெளித்திரை வேலை செய்கிறதா என்று பாருங்கள், செய்தால் விட்டுவிடலாம். "சிஸ்டம்ஐஓ ரேஞ்ச் கான்ஃப்ளிக்ட்ஸ்" என்பது எச்சரிக்கை மட்டுமே. ஒரே முகவரி எல்லைக்கு இரண்டு பேர் உரிமை கேட்கிறார்கள் என்று அர்த்தம். வெப்பமானி போன்ற ஏதாவது ஓர் அளவீடு கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான்.

ஆனால் முகவரியில் டிஇசட் என்று வெப்பப் பகுதியோ, இசி என்று எம்பெடட் கன்ட்ரோலரோ (விசிறி, சார்ஜைக் கவனிக்கும் சின்னக் கணினி), பேட் என்று பேட்டரியோ வந்தால் அசட்டையாக இருக்காதீர்கள். விசிறி சுற்றுகிறதா, சூடு ஏறுகிறதா, சார்ஜ் சதவீதம் நகர்கிறதா என்று ஒரு நாள் கவனியுங்கள்.

"குவையட்" என்று போட்டிருந்தும் இந்த வரிகள் ஏன் வருகின்றன? மறைக்க முடியுமா?

குவையட் என்பது லினக்ஸை எழுப்பும் வரியில் "அதிகம் பேசாதே" என்று சேர்க்கும் சொல்; அந்த வரியைத் திருத்துவது எப்படி என்று கீழே சொல்கிறேன். கெர்னல் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை படிநிலை உண்டு; எண் குறையக் குறைய அவசரம் கூடும். குவையட் போட்டால் 4-க்குக் கீழே உள்ளவை மட்டும் திரைக்கு வரும். பிழைச் செய்தியின் எண் 3. அதனால் அது தப்பித்து வந்துவிடுகிறது. "லாக்லெவல்=3" என்று சேர்த்தால் அதுவும் நின்றுவிடும்.

மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, எதுவும் கெடவில்லை என்று தெரிந்த பிறகு மறையுங்கள். மறைத்தாலும் டிமெசேஜ் கட்டளையில் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

அதே லேப்டாப்பில் விண்டோஸ் ஒரு வார்த்தை பேசாமல் எழுகிறது. லினக்ஸில் மட்டும் ஏன் பிழை?

போர்டு செய்தவர்கள் சோதித்துப் பார்த்தது விண்டோஸை வைத்துத்தான். விண்டோஸுக்குச் சொந்தமாக ஏஎம்எல் ஓட்டும் பகுதி இருக்கிறது; தப்பு வந்தாலும் அது திரையில் எழுதாது. லினக்ஸ் பயன்படுத்துவது இன்டெல் முன்னின்று வளர்த்த ஏசிபிஐசிஏ என்ற பொது நிரல். அது கண்டதைச் சொல்லிவிடும்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். பயாஸுக்குள் ஓஎஸ்ஐ என்று ஒரு கேள்வி உண்டு: "இப்போது ஓடுவது எந்த இயங்குதளம்?" பதிலைப் பொறுத்து பயாஸ் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். "விண்டோஸ் 2009" என்றால் விண்டோஸ் 7, "விண்டோஸ் 2012" என்றால் 8, "விண்டோஸ் 2015" என்றால் 10. லினக்ஸ் இவை எல்லாவற்றுக்கும் "ஆமாம், நான்தான்" என்று பதில் சொல்கிறது. உண்மையைச் சொன்னால் யாரும் சோதித்துப் பார்க்காத வழியில் பயாஸ் போய்விடும் என்பதால்தான் இப்படி.

இதை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். திரை வெளிச்சம் மாறவில்லை, டச்பேட் தெரியவில்லை என்றால், "ஏசிபிஐ ஓஎஸ்ஐ=!" என்று போட்டு எல்லாப் பெயரையும் நீக்கிவிட்டு, அடுத்து "ஏசிபிஐ ஓஎஸ்ஐ=விண்டோஸ் 2009" என்று ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். பழைய வழியில் போய்ச் சில மாடல்கள் சரியாகிவிடும்.

"ஏசிபிஐ=ஆஃப்" போட்டால் எல்லாப் பிழையும் போய்விடும் என்கிறார்களே?

பிழை போய்விடும். கூடவே பாதிக் கணினியும் போய்விடும்.

இந்த ஆலோசனையைக் கேட்டு வருஷக் கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலு கோர் உள்ள புராசசரில் ஒன்று மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும், ஏனென்றால் மற்ற கோர்கள் இருப்பதைச் சொல்வதே ஏசிபிஐ பட்டியல்தான். ஷட்டவுன் கொடுத்தால் "பவர் டவுன்" என்று எழுதிவிட்டு மின்சாரம் போகாமல் நிற்கும். பேட்டரி சதவீதம் தெரியாது. மூடியை மூடினால் தூங்காது. புது லேப்டாப்களில் டச்பேட் இருப்பதே தெரியாமல் போகும். கணினி மெதுவாகிவிட்டது என்று ராம் வாங்கிப் போடுவார்கள். காரணம் வேறெங்கோ இருக்கும்.

ஏசிபிஐ=ஆஃப் ஒரு சோதனைக் கருவி. கணினி எழவே மாட்டேன் என்கிறது, அதைப் போட்டால் எழுகிறது என்றால், கோளாறு இந்தப் பக்கம்தான் என்று உறுதியாகும். உடனே அதை எடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய கத்தியால் தேட வேண்டும்.

சரி, எந்த வரிசையில் தேடுவது?

உபுண்டு போன்றவற்றில் கணினி எழும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்தினால் கிரப் (லினக்ஸை எழுப்பிவிடும் நிரல்) பட்டியல் வரும். பட்டியலில் முதல் வரியில் நின்று ஆங்கில 'ஈ' விசையைத் தட்டுங்கள். "லினக்ஸ்" என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். அடுத்த முறை பழையபடியே எழும். தைரியமாகச் செய்து பார்க்கலாம்.

முதலில் "குவையட்", "ஸ்பிளாஷ்" இரண்டையும் அழித்துவிட்டு எழ வையுங்கள். எந்த வரியில் நிற்கிறது என்று தெரியட்டும், படமெடுங்கள். அடுத்து "பிசிஐ=நோஏசிபிஐ". இன்டரப்ட் பங்கீட்டில் சிக்கல் என்றால் இதில் தெரிந்துவிடும். அதற்கடுத்து "நோஏபிக்". திரை மட்டும் கறுத்துப்போகிறது, விசைப்பலகை விளக்கு வேலை செய்கிறது என்றால் அது கிராபிக்ஸ் பக்கம். "நோமோட்செட்" போட்டுப் பாருங்கள். எழுந்த பிறகு அப்படியே உறைகிறது, அதுவும் சும்மா இருக்கும்போது உறைகிறது என்றால், புராசசர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போய்த் திரும்பாமல் இருக்கலாம். பே டிரெயில் வகை இன்டெல் சில்லுகளில் இந்த உறைதல் பேர் போனது; "இன்டெல் ஐடில் மேக்ஸ் சிஸ்டேட்=1" என்று கட்டுப்படுத்தினால் நின்றது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். மூன்றைச் சேர்த்துப் போட்டுச் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாமல் மூன்றையும் சுமந்துகொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள்.

பயாஸ் அப்டேட் செய்தால் தீருமா? பயமாக இருக்கிறது.

தப்பு பயாஸில் இருப்பதால், உண்மையான மருந்தும் அங்கேதான் இருக்கிறது. கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கே உரிய கோப்பு இருக்கும். லினக்ஸில் எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி பல கம்பெனிகளின் அப்டேட்டை நேரடியாகவே கொண்டுவந்து தரும்.

பயத்துக்குக் காரணம் உண்டு. பாதியில் மின்சாரம் போனால் போர்டு உயிரற்றுப்போகலாம். லேப்டாப் என்றால் பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். இடி மழை நாளில் தொடவே வேண்டாம். பேட்டரி செத்த லேப்டாப்பில் அப்டேட் கருவியே மறுத்துவிடும், அது நல்லதுக்குத்தான். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை சார்ஜரிலேயே ஓடுவதைப் பார்க்கலாம். அப்படிப்பட்டவற்றில் பயாஸை விட்டுவிட்டு கிரப் வரியில் தீர்வு தேடுவதே மேல்.

முன்பே செய்ய வேண்டியவை இரண்டு. பயாஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) இருந்தால் அதை இடைநிறுத்திவிட்டு, மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடைநிறுத்தாவிட்டால், பயாஸ் மாறியதும் பிட்லாக்கர் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். சாவி இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளது போனது போனதுதான். ஒரு பெண் தன் முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதையும் இப்படி இழக்கப் பார்த்தார்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிக்கப்பட்டிருந்ததால் தப்பித்தது.

எழுந்து நன்றாக ஓடுகிறது. ஆனால் விசிறி கத்துகிறது, லினக்ஸில் "கேவொர்க்கர்" (கெர்னலின் பின்னணி வேலையாள்) ஒரு கோரை விழுங்குகிறது.

ஏதோ ஒரு சாதனம் ஏசிபிஐ வழியாக ஓயாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தட்டலுக்கு ஜிபிஇ என்று பெயர். சிஸ் கோப்புறையில் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று உள்ளே போனால் ஒவ்வொரு ஜிபிஇ-க்கும் எண்ணிக்கை இருக்கும். ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் ஆள். அதன் கோப்பில் ரூட் உரிமையோடு "டிஸேபிள்" என்று எழுதினால் உடனே அமைதியாகும். நிலையாக வேண்டுமென்றால் "ஏசிபிஐ மாஸ்க் ஜிபிஇ=" என்று போட்டு அந்த எண்ணை கிரப்பில் சேர்க்கலாம். அதன் பிறகு மூடி, ஃபங்ஷன் விசை, சார்ஜர் மாட்டினால் தெரிவது எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் வேண்டிய தட்டலும் அந்த வழியாகத்தான் வரும்.

விண்டோஸில் நீலத்திரை. "ஏசிபிஐ பயாஸ் எரர்" என்கிறது. வேறொரு நாள் "டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்" என்றது. இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவதன் எண் ஏ5. விண்டோஸால் பட்டியலை ஏற்கவே முடியவில்லை என்று பொருள். பயாஸ் அப்டேட், பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவருவது, அண்மையில் சேர்த்த கார்டையோ ராமையோ கழற்றிப் பார்ப்பது, இந்த மூன்றும்தான் வழி.

இரண்டாவதன் எண் 9எஃப். தூங்கு அல்லது எழு என்று சொன்னதற்கு ஒரு டிரைவர் பதில் தரவில்லை. வைஃபை, கிராபிக்ஸ், யூஎஸ்பி டிரைவர்கள்தான் வழக்கமான சந்தேக நபர்கள். போர்டைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஏசிபிஐ என்ற பெயரில் 13ஆம் எண் பதிவு வந்தால், எம்பெடட் கன்ட்ரோலர் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். லேப்டாப்களில் வருவது. இசி ரீசெட் பற்றிக் கீழே சொல்கிறேன்.

"கெர்னல்-பவர் 41" என்று ஈவென்ட் வியூவரில் சிவப்பாக வருகிறது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றச் சொன்னார்கள்.

அந்தப் பதிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை. அது எழுதப்படுவதே அடுத்த முறை எழும்போது. எஸ்எம்பிஎஸ்தான் காரணம் என்று அதில் எங்கும் இல்லை.

பதிவைத் திறந்து விவரப் பகுதியில் "பக்செக்கோட்" என்ற எண்ணைப் பாருங்கள். அது 0 என்றால் நீலத்திரை வரவில்லை. மின்சாரம் போயிருக்கலாம், உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்தி நிறுத்தியிருக்கலாம், எஸ்எம்பிஎஸ் விழுந்திருக்கலாம். 0 இல்லை என்றால் அது நீலத்திரை எண்; அங்கே பதினாறின் அடிப்படையில் எழுதியது இங்கே வழக்கமான பத்தின் அடிப்படையில் இருக்கும். 159 என்று இருந்தால் அது 9எஃப். 165 என்றால் ஏ5. எஸ்எம்பிஎஸ் வாங்கப் பணத்தை எடுப்பதற்கு முன் இந்த ஓர் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் நன்றாக இருக்கிறது. ஷட்டவுன் செய்து மறுநாள் போட்டால்தான் பிழை. ஏன்?

விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் கெர்னல் முழுதாக அணைவதில்லை. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. மறுநாள் அதையே படித்து எழுகிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் புதிதாக எழுகிறது. நேற்றைய டிரைவர் கோளாறு இன்றும் தொடர்வது இதனால்தான்.

நிர்வாகி உரிமையோடு "பவர்சிஎஃப்ஜி, ஸ்லாஷ் எச், ஆஃப்" என்று கொடுத்தால் ஹைபர்நேட்டும் அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அணைந்துவிடும். எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் சில வினாடிதான் நஷ்டம். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் அணைக்க வேண்டும். பாதி உறக்கத்தில் இருக்கும் விண்டோஸின் டிஸ்க் பகுதியில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையும்.

லேப்டாப் எழும்போது "சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை" என்கிறது. பிறகு ஆமை வேகம்.

ஒரு கல்லூரி மாணவர் இதே புகாரோடு வந்தார். ஏற்கெனவே ஒரு சர்வீஸ் கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். புராசசர் வேகத்தைப் பார்த்தேன். 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. சார்ஜரைக் கழற்றியதும் வேகம் வந்துவிட்டது!

சில லேப்டாப் சார்ஜர்களின் உருண்டை முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. "நான் 65 வாட் சார்ஜர்" என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஊசி வளைந்தாலோ உள்கம்பி அறுந்தாலோ அந்தச் சொல் போய்ச் சேராது. தெரியாத சார்ஜரை நம்பி முழு வேகத்தில் ஓடினால் சூடாகுமே என்று லேப்டாப் தன்னையே கட்டிப்போட்டுக்கொள்கிறது. பேட்டரியும் ஏறாது. அந்த மாணவருக்கு வேண்டியிருந்தது சரியான வாட் உள்ள புது சார்ஜர் மட்டும்தான்.

டைப்-சி சார்ஜரிலும் பேச்சுவார்த்தை உண்டு. 5, 9, 15, 20 வோல்ட் என்று எது வேண்டும் என்பதை இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்கின்றன. கைபேசி சார்ஜரை மாட்டினால் லேப்டாப்பில் இந்த எச்சரிக்கை வருவதில் ஆச்சரியமில்லை. சார்ஜர் சரியாக இருந்தும் வந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இசி ரீசெட் எப்படிச் செய்வது?

எம்பெடட் கன்ட்ரோலர் என்பது லேப்டாப்புக்குள் தனியாக ஓடும் சின்னக் கணினி. பவர் பட்டன், விசிறி, சார்ஜ், விசைப்பலகை எல்லாம் அதன் பொறுப்பு. லேப்டாப்பை அணைத்தாலும் அது அணைவதில்லை. அதனால் ஒருமுறை குழம்பினால் குழம்பியபடியே இருக்கும்.

ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் யூஎஸ்பி-யில் செருகிய எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி எழ வையுங்கள். உள்ளே பதித்த பேட்டரி உள்ள சில மாடல்களில் அடிப்பக்கம் குண்டூசித் துளை இருக்கும். அதற்குள் அழுத்தினாலும் இதே பலன். எத்தனையோ "செத்துப்போன" லேப்டாப்கள் இந்த அரை நிமிடத்தில் எழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கழற்றும்போது பேட்டரி உப்பியிருந்தால் அதைத் திரும்ப மாட்டவே கூடாது.

டெஸ்க்டாப் விசிறி ஒரு வினாடி சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது.

இங்கே ஏசிபிஐ பேச்சே இல்லை. கணினி அவ்வளவு தூரம் போகவில்லை. பட்டனை அழுத்தியதும் போர்டு எஸ்எம்பிஎஸ்-க்குப் பச்சைக் கம்பி வழியாக "தொடங்கு" என்கிறது. வோல்டேஜ் நிலைபெற்றதும், 100 முதல் 500 மில்லிவினாடிக்குள், எஸ்எம்பிஎஸ் சாம்பல் கம்பி வழியாக "எல்லாம் சரி" என்று பதில் தர வேண்டும். தராவிட்டால் போர்டு எழாது.

எளியதிலிருந்து தொடங்குங்கள். புராசசர் பக்கத்தில் இருக்கும் 8 ஊசி இணைப்பு முழுதாக இறங்கியிருக்கிறதா? முன்பக்கப் பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறதா? அதன் கம்பியைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இரண்டு ஊசியையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும். எழுந்தால் குற்றவாளி பட்டன்தான். ராமை ஒன்று மட்டும் விட்டு எடுங்கள், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள். டிடிஆர்5 ராம் புதிதாகப் போட்டிருந்தால் முதல் முறை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும்; அது ராமைப் பழக்குகிறது, பட்டனை அழுத்தி நிறுத்தாதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால், கணினி அணைந்து பிளக்கில் மட்டும் மின்சாரம் இருக்கும்போது ஊதாக் கம்பியில் 5 வோல்ட் வர வேண்டும். அது இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. ஓடும்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருக்கும் புது எஸ்எம்பிஎஸ் என்றால் ஊசி எண்ணைப் பாருங்கள்: 8 "சரி", 9 ஊதா, 16 பச்சை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆளையே கொல்லக்கூடியது.

மின்சாரம் போய் வந்த பிறகு "பவர் சப்ளை சர்ஜ் டிடெக்டெட்" என்று பயாஸ் சொல்கிறது. அந்த வசதியை அணைத்துவிடலாமா?

கம்பு எடுத்து வந்த காவல்காரரை வேலையைவிட்டு அனுப்புவது போல அது. ஒருமுறை வந்தால் விட்டுவிடலாம். அடிக்கடி வந்தால் வேறொரு எஸ்எம்பிஎஸ் போட்டு ஒரு வாரம் பாருங்கள். அதிலும் வந்தால் வீட்டு வயரிங், எர்த், எக்ஸ்டென்ஷன் போர்டு என்று வெளியே தேடுங்கள்.

யூபிஎஸ் இருந்தும் மின்சாரம் போகும் கணத்தில் கணினி அணைகிறதா? விலை குறைந்த யூபிஎஸ்கள் படிக்கட்டு போன்ற அலையைத் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துவராது. சைன் அலை தரும் யூபிஎஸ் வாங்குங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி தப்பு, பயாஸ் அமைப்பு அழிந்துவிடுகிறது.

போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டும், 2.7-க்கு இறங்கினால் மாற்றுங்கள். மாற்றிய பின் டிஸ்க் கிடைக்கவில்லை என்றால் பதறாதீர்கள். பயாஸ் அமைப்பு அழிந்ததில் சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் விதம்) ஏஎச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ, மறுபக்கமோ மாறியிருக்கும். முன்பு எடுத்த படத்தைப் பார்த்து மாற்றினால் விண்டோஸ் திரும்பிவிடும்.

எப்போது கடைக்குக் கொண்டுபோவது? என்ன சொல்லிக் கொடுப்பது?

கருகிய வாசனை, உப்பிய கெப்பாசிட்டர், உப்பிய பேட்டரி, ஊதாக் கம்பியில் வோல்டேஜ் இருந்தும் எந்த அசைவும் இல்லாமை, அப்டேட் பாதியில் நின்றது, இவற்றில் ஒன்று என்றால் நீங்களே மேலே போகாதீர்கள்.

கொடுக்கும்போது "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிழை வரியின் படம், கடைசியாக என்ன மாற்றினீர்கள், ரீஸ்டார்ட்டில் வருகிறதா குளிர்ந்த நிலையில் வருகிறதா, சார்ஜர் இல்லாமல் என்ன ஆகிறது என்பதை அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டே கொடுக்கலாம்; பவர் கோளாறு பார்க்க உங்கள் கோப்புகள் தேவையில்லை. போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், எந்தச் சோதனையில் அப்படித் தெரிந்தது, வேறு சார்ஜரோ வேறு எஸ்எம்பிஎஸ்ஸோ போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மாற்றினாலும் பழைய போர்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.